நீலச் சட்டைக்காரி

ஜபீன் தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. தசராவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒத்திகை முடிந்து யானைகள் மைசூர் அரண்மனைக்குத் திரும்புகிற நேரம் என்று வண்டிகளையெல்லாம் ரவுண்டானாவிலேயே நிறுத்திவிட்டார்கள். குசுமா எலக்ட்ரானிக்ஸின் முதல் மாடியில் வாங்க வந்தவர் என்று ஒருவரும் இல்லை. ஜபீன் கழிப்பறைக்குள் போய்ச் சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்தாள். சட்டையை நாலாக மடித்து, மாடிக்கு மேற்பார்வையாளரான மாதேவ உட்காரும் மேசைமேல் வைத்தாள்.

"துவைச்சுக் கொடுக்கணும்னு விதி இருக்கு ஜபீன். நாளைக்கு வேற ஒருத்தி போடணும்" என்றார் மாதேவ.

"அப்படியே இருக்கட்டும் மாதேவண்ணா. வேர்வை நாத்தம் இருந்தாத்தான் வர்றவளுக்கு இது என்ன வேலைன்னு புரியும்."

பத்தடி தள்ளி, மெரான் மடிக்கணினிக் கம்பெனி மேசைக்குப் பின்னால் நீலச் சட்டையோடு விநுதா நின்றிருந்தாள். மூன்று வருடம் எதிரெதிர் மேசையில் நின்று, ஒரே டப்பாவில் சித்ரான்னம் தின்றவர்கள் இருவரும். ஜபீன் அவளைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"நான் உன் மேசைக்கு அனுப்பின கடைசி ஆளு, வாங்கினானா?"

"இல்ல."

"வாங்க மாட்டான். வேஷம் வாங்காது" என்றாள் ஜபீன். போய்விட்டாள். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை விநுதா காதில் போட்டிருந்த கம்மலைத் தொட்டுக்கொண்டே நின்றாள். இரண்டு நாள் முன்னால் தொட்டிருக்க வேண்டிய கம்மல் அது.

அந்த மாடியில் வண்ணச் சட்டை போட்டு நிற்கிற எவரும் கடையின் ஆட்கள் அல்ல. வாங்க வருகிறவர்களுக்கு இது தெரியாது. கடைக்காரர்களிடம் யோசனை கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, 'எது நல்லதும்மா?' என்பார்கள். நீலச் சட்டைக்கு மெரான் சம்பளம் கொடுக்கிறது, ஆரஞ்சுச் சட்டைக்குக் கால்டிக். நல்லது எது என்பதற்கு ஒவ்வொரு சட்டைக்கும் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலைத்தான் சொல்கிறார்களா என்று பார்க்கக் கம்பெனிகள் பெங்களூரிலிருந்து ஆள் அனுப்பும். அந்த ஆள் வாடிக்கையாளர் மாதிரியே வருவார், கேட்பார், தடவிப் பார்ப்பார், 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று போய்விடுவார். பேசியது முழுவதும் அவருடைய போனில் பதிவாகியிருக்கும். இந்த ஆட்களுக்கு மாடியில் வைத்த பெயர்தான் வேஷம். இரண்டு வேஷத்திடம் தோற்றால் வேலை இல்லை. ஜபீன் ஏற்கெனவே ஒன்றில் தோற்றிருந்தாள்.

ஆனாலும் அவளும் விநுதாவும் ஒரு காரியம் செய்துவந்தார்கள். கால்டிக் மேசைக்கு வந்த ஆளுக்கு மெரான்தான் பொருந்தும் என்று பட்டால், ஜபீன் குரலைத் தாழ்த்தி, 'அந்த நீலச் சட்டை அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க' என்பாள். விநுதாவும் அப்படியே திருப்பி அனுப்புவாள். மாதக் கடைசியில் இருவர் கணக்கும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும். வாங்கினவர்கள் அடுத்த வருடம் தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். வேஷமோ என்று ஒருத்திக்குச் சந்தேகம் வந்தால் கம்மலைத் தொட வேண்டும். மற்றவள் உடனே வாயை மாற்றிக்கொள்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த ஆள் போனைத் திரை மேலே தெரியும்படி மேசைமேல் வைத்ததை விநுதா பார்த்தாள். கடைக்கு வருகிறவர்கள் போனைக் கையில் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் பையில் போடுவார்கள். மேசைமேல் வைக்க மாட்டார்கள். அவள் பார்த்தாள், கை தூக்கவில்லை. அந்த மாதம் இன்னும் இரண்டு விற்றால் இலக்கு எட்டிவிடும், ஜபீன் அந்த ஆளை இவள் பக்கம்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். சந்தேகம்தானே, நிச்சயம் இல்லையே என்றுதான் அப்போது அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

விநுதா ஹுணசூரில் பிறந்தவள். அப்பா புகையிலைச் சூளையில் தீ பார்க்கிற வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மைசூருக்கு வந்து தசரா பொருட்காட்சியில் ஒரு மிக்சி கம்பெனிக்காகச் சட்னி அரைத்துக் காட்டினாள். ஒரு நாளைக்கு எழுபது தடவை அதே தேங்காய், அதே கொத்துமல்லி, அதே சிரிப்பு. 'உங்கம்மா அம்மியில அரைச்ச ருசி அப்படியே வரும்' என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். ஒருநாள் கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், 'உங்கம்மா கையில் அம்மி அரைச்சுப் பார்த்திருக்கியா?' என்றார். அம்மா புகையிலை இலை கோர்த்தே விரல் மஞ்சளாகிப் போனவள், சட்னி அரைக்க நேரம் இருந்ததே இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு விநுதா சொல்கிற வாக்கியத்தை மாற்றிக்கொண்டாள். 'சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா அஞ்சு வருஷம் ஓடும்' என்று சொல்ல ஆரம்பித்தாள். விற்பனை கூடியது. ஆச்சரியப்பட்டவளும் அவள்தான்.

மிக்சியிலிருந்து போனுக்கு, போனிலிருந்து மடிக்கணினிக்கு. முப்பத்தைந்து வயதுக்குள் ஐந்து வண்ணச் சட்டைகள் மாற்றியாகிவிட்டது. அவளுக்கென்று ஒரு மடிக்கணினி இருந்ததில்லை. கணவன் லோகேஷ் வாடகைக் கார் ஓட்டியவன், முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. மைசூரிலேயே ஹெப்பாளில் இரண்டு அறை வீடு, எட்டாம் வகுப்பு படிக்கிற மகள். எல்லாம் அந்த நீலச் சட்டையின் மேல் நின்றது. அது போனால் எதுவும் மிச்சமில்லை என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தினமும் காலையில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறபோது லோகேஷ் அந்த வேலையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு காலரை இரண்டு தடவை அழுத்துவான். அவனுக்கும் தெரியும்.

ஜபீன் போன பிறகு மாடி முழுக்க சந்தேகம் ஈரம்போல் ஊறியது. வேஷம் தற்செயலாக வந்ததா, யாராவது சொல்லி வந்ததா? மாதேவ சொல்லியிருப்பாரா? அவர் தாம்பூலம் மென்றுகொண்டு யாரையும் பார்க்காமல் சிரிக்கிற ஆள், எதையும் நம்ப முடியாது. விநுதா அவரிடமே கேட்டுவிட்டாள்.

"நீங்களா மாதேவண்ணா?"

"நானா? நான் சொல்றதா இருந்தா உன்னையும் சேர்த்துல்ல சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் ஆளை மாத்தி மாத்தி அனுப்பறது எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். இனிமே திறந்து வெச்சிருக்கணும், அவ்வளவுதான்."

இது ஆறுதலா, மிரட்டலா என்று அவளுக்குப் புரியவில்லை. தசரா முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜபீனுக்குப் போன் செய்தாள். உதயகிரியில் அக்கா வீட்டில் இருந்து துணி தைக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"எப்படி இருக்க?"

"ஊசி குத்தாத நாள் இல்ல. உன் வியாபாரம் எப்படி? எதிர் மேசை காலிதானே, நல்லா ஓடுமே."

"ஜபீன், அன்னிக்கு நான்..."

"போனை மேசைமேல வெச்சிருந்தான். எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. உன் பக்கத்துல இருந்து நல்லாத் தெரிஞ்சிருக்குமே விநு?"

விநுதா பதில் சொல்வதற்குள் கேட்டுக்கொண்டிருந்த தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றுபோனது. பிறகு மறுபடி ஓடத் தொடங்கியது. "சரி, வை. அக்கா கூப்பிடறா" என்றாள் ஜபீன்.

நவம்பரில் மெரான் கம்பெனியின் வட்டார அதிகாரி பிரசன்னா பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். அவர் குரல் எப்போதும் அப்போதுதான் சாப்பிட்டு முடித்த மாதிரி திருப்தியாக இருக்கும்.

"உஷாரா இரு விநுதா. இந்தத் தடவை புது மாதிரி அனுப்பறாங்க. நம்ம கம்பெனி பொருளையே பத்து வருஷம் வெச்சிருந்த ஆளு மாதிரி வருவான். 'முன்ன மாதிரியே இருக்குமா, இல்ல வேற எதுக்காவது மாறலாமா'ன்னு குழைவான். நீ கொஞ்சம் தடுமாறினா போச்சு. விசுவாசமான கஸ்டமரை வெளியே விடறது பெரிய பாவம்னு மேல சொல்றாங்க."

"அவங்க வாங்குவாங்களா சார்?"

"இப்போ வாங்கறாங்கன்னும் பேசிக்கறாங்க. வாங்கி, அப்புறம் திருப்பிடுவாங்களாம். எனக்கே சரியாத் தெரியல. யாரையும் நம்பாதே."

டிசம்பர் இரண்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர் வந்தார். ஐம்பத்தெட்டு, அறுபது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, நெற்றியில் மாத்வர் இடுகிற மெல்லிய கரிக்கோடு, கையில் மஞ்சள் துணிப்பை. பேர் வாமனமூர்த்தி. மானசகங்கோத்ரி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்குக் கன்னடத்தில் ஆய்வேடு தட்டச்சு செய்து தருகிறவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பையிலிருந்து ஒரு பழைய மெரானை எடுத்து மேசைமேல் வைத்தார். கைகள் தேய்த்துத் தேய்த்து விசைகளில் எழுத்துகளே இல்லை.

"பதினோரு வருஷம் தாயி. நூத்திநாப்பது ஆய்வேடு. போன வாரம் தூங்கினது எழுந்திருக்கல. எனக்கு மெரான்தான் வேணும். ஆனா முன்ன மாதிரி இருக்குமா? என் தங்கச்சி மகன் கால்டிக் வாங்கச் சொல்றான். நீங்களே சொல்லுங்க, எனக்கு எது சரியா இருக்கும்?"

பிரசன்னா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை. அவருடைய போன் எங்கே என்று விநுதா பார்த்தாள். சட்டைப் பையில் நின்றபடி இருந்தது, தலை வெளியே தெரிய.

"உட்காருங்க சார். எங்கே வீடு?"

"சரஸ்வதிபுரம்."

"எந்தப் பக்கம்?"

"நீச்சல் குளத்துக்குப் பின்னால."

"பஸ்ல வந்தீங்களா?"

"நடந்தே வந்தேன். ஏம்மா, விலாசம் எழுதணுமா?"

நடந்தே வருவதென்றால் எப்படியும் நாற்பது நிமிடம், ஆனால் சட்டையில் வியர்வைச் சுவடே இல்லை. டிசம்பர்தான், குளிர்தான். இருந்தாலும் அவள் மனதில் அதைக் குறித்துக்கொண்டாள். பழைய இயந்திரத்தைக்கூட அவர்கள் எங்கிருந்தாவது வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

அவர் புதிய மெரானின் காட்சிப் பொருள்முன் உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். பத்து விரலும் விழுந்தன. பழைய தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கை என்பது கேட்டவுடனேயே தெரிந்தது. ஒவ்வொரு விசையையும் ஆணி அடிப்பதுபோல் அடித்தார். மேசைமேல் இருந்த விலை அட்டை குதித்தது. மூலையில் தாம்பூலம் மென்றுகொண்டிருந்த மாதேவகூடத் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் மேலாப்ல இருக்கே. அடிச்ச மாதிரியே தெரியல" என்றார் வாமனமூர்த்தி.

அது விநுதாவுக்குத் தெரிந்த விஷயம். புதிய மெரானின் விசைப்பலகை காகிதம்போல் மெலிந்தது. கீழே எதையும் கழற்ற முடியாதபடி மேல்பகுதியோடு சேர்த்து அடித்துவிட்டார்கள். ஒரு விசை போனால் மேல்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும். இந்தக் காட்சிப் பொருளுக்கே நான்கு மாதத்தில் இரண்டு முறை மாற்றியாயிற்று, அதுவும் சும்மா தட்டிப் பார்த்தவர்கள் கையில். இந்த மனிதர் கையில் ஆறு மாதம் தாங்காது. கால்டிக் இன்னும் ஆள் போடாததால் எதிரே காலியாய்க் கிடக்கிற ஆரஞ்சு மேசைமேல் இருந்த கால்டிக்கின் விசை ஆழமானது, கனமானது, நான்கு திருகாணியைக் கழற்றினால் தனியாக வந்துவிடும். ஜபீன் இருந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கும்.

"புதுசு சார், பழகப் பழகச் சரியாயிடும். மெலிசா இருக்கறதால விரல் வலிக்காது. எடை அரைக்கு அரை. நீங்க மெரான்ல பதினோரு வருஷம் வெச்சிருந்தீங்கன்னா, மெரான் உங்களை ஏமாத்தாது" என்றாள் விநுதா. மனப்பாடம் செய்த மூன்று சிறப்பம்சமும் முதல் நிமிடத்துக்குள் சொல்லியாகிவிட்டது.

"கால்டிக் எப்படி?"

"அதைப்பத்தி நான் சொல்றது நல்லா இருக்காது சார்."

அவர் எழுந்து கால்டிக் மேசைக்குப் போய் அங்கேயும் தட்டினார். மறுபடி வந்து மெரானில் தட்டினார். ஜன்னலோரம் போய் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை. வந்து உட்கார்ந்தார். போனை எடுத்து யாரிடமோ தாழ்ந்த குரலில், 'இன்னும் இல்ல, இன்னும் இல்ல, எனக்குத் தெரியாதா' என்றார். வாங்குகிறவன் இவ்வளவு நேரம் சுற்ற மாட்டான், போகிறவன் போய்விடுவான். யாருக்கோ தகவல் சொல்கிறான், கவனிக்கிறான் என்று விநுதா முடிவே கட்டிவிட்டாள். முகத்தில் சிரிப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் அச்சிட்ட தாளில் இருந்த பதிலைத்தான் சொன்னாள், ஒரு சொல் கூடுதலாக இல்லை.

சரியாகப் பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு வாமனமூர்த்தி எழுந்து பணம் கட்டுகிற இடத்துக்குப் போனார். துணிப்பையின் அடியிலிருந்து ரப்பர் போட்ட நோட்டுக்கட்டு ஒன்றை எடுத்தார்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது" என்று காசாளரிடம் அவர் சொல்வது கேட்டது. "வீட்டம்மாதான். ராகுகாலம் முடியறவரைக்கும் பணத்தைத் தொடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அடுத்த வாரம் தனுர் மாசம் வேற பொறந்துடும், புதுசு எதுவும் வாங்கக் கூடாது. ஒன்றரை மணி நேரம் இந்தப் பொண்ணு பொறுமையா உட்கார்ந்திருந்தா பாருங்க, அதுக்கே வாங்கலாம்."

விநுதா கடிகாரத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு. அவள் அம்மாகூட அந்த நேரத்தில் அரிசி அளக்க மாட்டாள். ஹுணசூரில் பிறந்து வளர்ந்தவள், ஒரு மனிதன் ராகுகாலம் கழியக் காத்திருப்பதைப் பார்த்து உளவு பார்க்கிறான் என்று நினைத்துவிட்டாள். பெங்களூரிலிருந்து பொய் முகத்தோடு வருகிறவன் பணத்தை ரப்பர் போட்டுக் கட்டிக்கொண்டு வருவானா?

பில் போட்டாயிற்று. பெட்டி அவள் மேசைக்கு வந்தது. முத்திரை ஒட்டிய நாடாவை வாங்கினவர் முன்னால் வெட்டித் திறப்பது வண்ணச் சட்டை போட்ட புரமோட்டரின் வேலை. வெட்டும் முன் பெட்டிக்குக் குங்குமம் வைக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். நாடா வெட்டிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. வெட்டாத பெட்டியைப் பத்து நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம், வேறு கம்பெனி பொருளுக்கும். குசுமாவின் விதி அது, படிக்கட்டில் எழுதியே மாட்டியிருக்கிறது.

கத்தி அவள் கையில் இருந்தது. வாங்குகிற வேஷமும் வருகிறதாம் என்று பிரசன்னா சொன்னது ஒரு பக்கம் ஓடியது. மறுபக்கம் விலை அட்டை குதித்தது ஓடியது. இந்தப் பத்து விரல்தான் அவர் சாப்பாடு. லோகேஷ் காலரை அழுத்துகிற கை நினைவுக்கு வந்தது. அதையும் தாண்டி, தான் கம்மலைத் தொடாமல் நின்ற அந்த ஒரு நொடி வந்தது. இன்னொரு தடவை அப்படி நிற்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கத்தியை மேசைமேல் வைத்தாள். மாதேவ கீழே போயிருந்தார்.

"சார், இதை வெட்ட வேண்டாம். உங்க கைக்கு இது ஆகாது. நீங்க அடிக்கிற அடிக்கு இந்த விசை தாங்காது. ஒண்ணு போனாலும் மேல்பகுதி முழுசும் மாத்தணும், வாங்கின விலையில பாதி ஆயிடும். அதோ அந்தக் கால்டிக் எடுத்துக்கோங்க. அதுல விசை மட்டும் தனியா மாத்தலாம். இப்பவே பில்லை மாத்திடலாம்."

வாமனமூர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு அவள் சட்டையைப் பார்த்தார், அதில் தைத்திருந்த மெரான் என்ற எழுத்தை. பிறகு எதிரே ஆளில்லாத ஆரஞ்சு மேசையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மூடிக்கொண்டது.

"ஒன்றரை மணி நேரம் இது நல்லதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார். அப்போ நீங்க வேற யாரோன்னு நினைச்சேன்."

"வேற யாரோன்னா?"

அதை எப்படி விளக்குவது. "கம்பெனி ஆளுன்னு நினைச்சேன்."

"கம்பெனி ஆளுகிட்ட ஒண்ணு, வாங்க வந்தவன்கிட்ட ஒண்ணு. ம்." அவர் மெல்லச் சிரித்தார், அதில் சந்தோஷம் இல்லை. "அந்தக் கால்டிக்காரன் உனக்கு என்ன தர்றான் தாயி?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாம யாராவது தன் சோத்துல தானே மண்ணைப் போடுவாங்களா? அந்த மேசையில ஆளே இல்லையே, அவங்க வியாபாரத்தையும் நீதான் பாக்கறியா? பதினோரு வருஷம் என்கூட இருந்த பொருள்மா இது. என் பொண்ணு கல்யாணப் பத்திரிகை இதுல அடிச்சேன். என் வீட்டம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ராத்திரி பகலா இதுல அடிச்சுத்தான் பணம் கட்டினேன். அதைவிட உன்னை நான் ஏன் நம்பணும், சொல்லு?"

விநுதா குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். தன்னை நம்புவதற்கு அவளிடம் காட்ட இருந்தது அந்தச் சட்டை ஒன்றுதான், அந்தச் சட்டையோ அவள் சொன்னதற்கு எதிராக நின்றது.

"வெட்டும்மா" என்றார்.

"நீங்களே வெட்டுங்க சார்."

அவர் கத்தியை எடுத்து நாடாவை நேர்க்கோட்டில் வெட்டினார். வெட்டும் முன் குங்குமம் வைக்க வேண்டியது மறந்துபோய், வெட்டின பிறகு வைத்தார்கள். போட்டோவில் இருவரும் சிரிக்கவில்லை. உத்தரவாத அட்டையின் பின்னால் புரமோட்டர் தன் எண்ணை எழுத வேண்டும் என்று ஒரு விதி. எழுதினாள்.

திங்கட்கிழமை பிரசன்னாவின் போன் வந்தது. இந்தத் தடவை சாப்பிட்டு முடித்த குரல் இல்லை.

"வெள்ளிக்கிழமை வாங்கினவன் நம்ம கருத்துப் படிவத்துல பொருளுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்கான். கீழே ஒரு வரி. 'விற்பனைப் பெண் வேறு கம்பெனிப் பொருளை வாங்கும்படி வற்புறுத்தினார். கவனிக்கவும்.' இது என்ன விநுதா?"

"அவர் வேஷமா சார்?"

"இல்ல. நிஜ கஸ்டமர். அதான் மோசம். வேஷம்னா மார்க் போகும், அடுத்த தடவை பார்த்துக்கலாம். நிஜ கஸ்டமர் எழுத்துல கொடுத்தா நேரா மேல போயிடும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அவர் சொன்னது நிஜம்தான் சார்" என்றாள் விநுதா.

"அதை ஏம்மா என்கிட்ட சொல்ற? நான் எதையும் கேக்கலைன்னு வெச்சுக்கறேன்."

அவள் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். லோகேஷ்தான் இஸ்திரி போட்டான். மாதேவ அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வெளுத்திருக்கே" என்று மட்டும் சொன்னார். மாடிப்படியில் இறங்கும்போது இவர்தானோ என்ற பழைய சந்தேகம் அவளுக்கு மறுபடி வந்தது. எதற்கு என்று யோசித்தபோது காரணம் இல்லை. பழக்கம்.

அன்றைக்குச் சாயங்காலமே ஜபீன் கூப்பிட்டாள். மாடிச் செய்தி எப்படித்தான் உதயகிரிக்குப் போகிறதோ.

"நீயும் போனியாமே."

"ஆமா."

"அப்போ என்னைப் பத்தி மேல சொன்னது நீ இல்ல போலிருக்கு" என்றாள் ஜபீன். "இல்லேன்னா உன்னைப் பத்தியும் சொல்ல இன்னொருத்தர் இருந்தாங்கன்னு அர்த்தம்."

"நான் சொல்லல ஜபீன். ஆனா அந்தப் போனைப் பார்த்தேன். கம்மலைத் தொடல."

"அதை இப்பவாவது சொன்னியே" என்றாள் ஜபீன். "கோபம் போச்சுன்னு நினைச்சுக்காத. பிளவுஸ் ஏதாவது தைக்கணும்னா கொண்டு வா. காசு முழுசா வாங்குவேன்."

இரண்டு மாதம் வேலை கிடைக்கவில்லை. லோகேஷ் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன் ஒன்றைக் காலையும் மாலையும் ஓட்டினான். பிறகு விநுதாவுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் இடம் கிடைத்தது, மூக்குக்கண்ணாடிச் சட்டம் எடுத்துக் காட்டுகிற வேலை. அங்கே எல்லாச் சட்டமும் கடைக்காரருடையது, வண்ணச் சட்டை கிடையாது. வருகிறவர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, 'எப்படி இருக்கு?' என்று கேட்பார்கள். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்பாள். முதல் வாரம் அப்படிச் சொல்லும்போதெல்லாம் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சட்டம் போட்டுப் பார்க்கிறவர்களைக் கண்டால் இன்றும் அவளுக்குக் குரல் கொஞ்சம் மாறிவிடும். கண்ணாடி போட இரண்டு கையும் வேண்டியிருக்கிறதே, போனை எங்கே வைப்பார்கள் என்று பிறகுதான் தோன்றும்.

ஒரு வருடமும் நாலு மாதமும் கழித்து, யுகாதிக்கு மறுநாள் மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. பிழையே இல்லாமல், புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் புள்ளி வைத்து, ஆய்வேட்டுப் பக்கம்போல் அடித்திருந்தது.

'விநுதா அவர்களுக்கு. சரஸ்வதிபுரம் வாமனமூர்த்தி எழுதுவது. உங்கள் எண் உத்தரவாத அட்டையின் பின்புறம் இருந்தது. இயந்திரத்தில் ஏழாம் மாதமே இரண்டு விசைகள் போயின. அடித்து உடைந்த விசைக்கு உத்தரவாதம் செல்லாது என்றார்கள், ஒட்டுப் போட்டுச் சமாளித்தேன். இப்போது இடைவெளி விடுகிற நீண்ட விசையும் போய்விட்டது. மேல்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும், வாங்கிய விலையில் பாதி ஆகும் என்கிறார்கள். நீங்கள் அன்று சொன்னதையே சொல் மாறாமல் சொல்கிறார்கள். ஆகவே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இன்னொரு கம்பெனி உங்களுக்கு உண்மையில் என்ன கொடுத்தது? ஏதாவது கொடுத்திருந்தால் குற்றமில்லை, சொல்லிவிடுங்கள், எனக்கும் மனம் ஆறும். ஒன்றும் கொடுக்கவில்லை என்றால், நான் அப்போது உங்களைப் பற்றிக் கம்பெனிக்கு ஒரு வரி எழுதினேன். அது உங்களை ஒன்றும் செய்திருக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்து எதை வாங்கலாம் என்றும் எழுதவும். அதற்கு முன், இப்போது நீங்கள் எந்தக் கம்பெனியில் இருக்கிறீர்கள் என்பதை எழுதவும்.'